நடந்த தேர்தலை வரைவது, நடக்காத தேர்தலைக் கணக்கிடுவது: ஒரு முழு வழிகாட்டி

1967 சட்டமன்றத் தேர்தலில் அன்றைய சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் வாங்கிய ஓட்டு 41.10 சதவீதம். திமுக வாங்கியது 40.69 சதவீதம். ஓட்டில் காங்கிரஸ் நூலிழை முன்னால். இடங்களிலோ திமுக 137, காங்கிரஸ் 51. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளில்தான் எனக்குத் தேர்தல் வரைபடங்கள் மீது ஆசை பிடித்தது.

எண்ணாகப் படித்தால் புதிராக இருப்பது வரைந்து பார்த்தால் அவிழ்ந்துவிடுகிறது. காங்கிரஸ் 232 தொகுதிகளில் தனியாக நின்றது. திமுக நின்றது 174 தொகுதிகளில்தான். மிச்சத்தைச் சுதந்திரா, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் போன்ற தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக் கொடுத்தது. எதிர்ப்பு ஓட்டு சிதறாமல் ஒரே பெட்டியில் விழுந்தது. ஒவ்வொரு தொகுதியையும் ஒரு கட்டமாக வரைந்து, முதல் இரண்டு பேருக்கும் இடையே இருந்த வித்தியாசத்தை நிறமாகப் பூசினால் அந்தக் கூட்டணி செய்த வேலை கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும்.

அதே தேர்தலில் விருதுநகர். திமுகவின் மாணவர் தலைவர் பெ.சீனிவாசன் 33,421 ஓட்டு. காமராஜர் 32,136 ஓட்டு. வித்தியாசம் 1,285. சீனிவாசனுக்குப் போட்டவர்களில் 643 பேர் மட்டும் மனம் மாறி எதிர்ப்பக்கம் குத்தியிருந்தால் கணக்கு 32,779க்கு 32,778 என்று திரும்பி, காமராஜர் ஒரே ஓட்டில் ஜெயித்திருப்பார். இந்த 643ஐக் கண்டுபிடித்த கையோடு அடுத்த கேள்வி தானாக வரும்: ஜெயித்திருந்தால்?

"அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா" என்று பெரியவர்கள் இதைத் தள்ளிவிடுவார்கள். கணக்கில்லாமல் கற்பனை செய்தால் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் தொகுதி தொகுதியாக ஓட்டை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, அது எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்று பார்ப்பது வேறு வேலை. நடந்த வரலாற்றையே அது ஆழமாகப் புரிய வைக்கிறது. மாற்று வரலாறு எழுத ஆசைப்படுபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, முதலில் நடந்ததை ஒழுங்காக வரையுங்கள் என்பதுதான். வரையாதவரின் கற்பனையில் அவருக்குப் பிடித்த கட்சி எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருக்கும். வரைந்தவரை வரைபடம் பல இடங்களில் மறித்து நிறுத்தும்.

எந்தத் தேர்தலில் தொடங்குவது

தமிழ்நாட்டில் தொடங்குபவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் தொகுதி வரையறை 1977, 1980, 1984, 1989, 1991, 1996, 2001, 2006 ஆகிய எட்டு சட்டமன்றத் தேர்தல்களுக்கும் அப்படியே இருந்தது. எல்லையை ஒருமுறை வரைந்துவிட்டால் எட்டுத் தேர்தலுக்கு நிறம் மட்டும் மாற்றினால் போதும். எடுத்த எடுப்பில் 1952க்குப் போகாதீர்கள். அதைக் கடைசியில் பார்ப்போம்.

234 என்ற எண்ணை நம்பி ஏமாறவும் வேண்டாம். 1967லிருந்து இன்றுவரை சட்டமன்றத்தின் எண்ணிக்கை 234தான். ஆனால் எல்லைகள் 1967, 1971 தேர்தல்களுக்கு ஒன்று, 1977 முதல் 2006 வரை ஒன்று, 2008 வரையறைப்படி 2011லிருந்து இன்னொன்று. எம்ஜிஆர் 1967ல் ஜெயித்த பரங்கிமலை 1977 பட்டியலில் இல்லை. 2006 வரை திருச்சிராப்பள்ளி-1, திருச்சிராப்பள்ளி-2 என்று இருந்தவை பிறகு கிழக்கு, மேற்கு என்று ஆயின. சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் சேர்ந்து ஒரே தொகுதியானது. மதுரை கிழக்கு என்ற பெயர் 2008க்கு முன்னும் இருந்தது, பின்னும் இருக்கிறது. பெயர் ஒன்று, நிலம் வேறு.

இந்த வழிகாட்டிக்கு நான் 1989ஐ எடுத்துக்கொள்கிறேன். காரணம், மாற்று வரலாறு எழுதுபவருக்கு அந்த ஆண்டு வேறெங்கும் கிடைக்காத ஒன்றைத் தருகிறது: நம் கற்பனையைச் சோதித்துப் பார்க்க உண்மையான இரண்டு தொகுதிகள். அதற்குப் பின்னால் வருவோம்.

தரவைச் சேகரித்தல்

இந்தியத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை வெளியிட்டிருக்கிறது. 1951-52 வரைக்கும் பின்னோக்கி அவை பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. தொகுதி எண், பெயர், பொதுவா தனித்தொகுதியா, மொத்த வாக்காளர், ஒவ்வொரு வேட்பாளரின் ஓட்டு எல்லாம் அதில் இருக்கும். கையால் தட்டச்சு செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் லோக் தாபா என்ற தரவுத் தொகுப்பை வைத்திருக்கிறது. அதை எக்செல்லிலோ லிப்ரே ஆபிஸிலோ அப்படியே திறக்கலாம்.

ஆனாலும் ஒரு தேர்தலையாவது கையால் ஏற்றிப் பாருங்கள் என்பேன். 234 வரிகள், இரண்டு மூன்று இரவு வேலை. ஏற்றும்போதுதான் கண்ணில் படும் விஷயங்கள் இருக்கின்றன: எங்கே மூன்றாம் இடத்துக்காரர் ஆட்டத்தைத் தீர்மானித்தார், எங்கே டெபாசிட் போனது, எந்த ஊரில் ஒரு சுயேச்சை இருபதாயிரம் வாங்கினார்.

அட்டவணையில் ஒரு தொகுதிக்கு ஒரு வரி. முதல் நிரலில் தொகுதி எண். பிறகு பெயர், செல்லுபடியான மொத்த ஓட்டு, முக்கியக் கட்சி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிரல், "மற்றவர்கள்" என்று ஒன்று. வெற்றியாளர், வித்தியாசம் இரண்டையும் நீங்கள் எழுதாதீர்கள்; சூத்திரம் போட்டு அட்டவணையே சொல்லட்டும். பின்னால் ஓட்டை மாற்றிப் பார்க்கும்போது வெற்றியாளரும் தானாக மாற வேண்டுமே.

கட்சி அடையாளத்தில் கவனம் வேண்டும். 1957ல் திமுக முதன்முதலாகத் தேர்தலில் நின்று 15 இடம் பிடித்தது. ஆனால் அந்த ஆண்டின் ஆணைய அறிக்கையில் அவர்கள் சுயேச்சைகள். அறிக்கையை அப்படியே நம்பி வரைந்தால் அண்ணா ஜெயித்த காஞ்சிபுரமும் கலைஞர் ஜெயித்த குளித்தலையும் பெயரில்லாத சாம்பல் நிறத்தில் போய்விடும். இப்படிப்பட்ட இடங்களில் "ஆணையம் சொன்ன கட்சி" என்று ஒரு நிரலும் "உண்மையில் எந்த அணி" என்று ஒரு நிரலுமாக இரண்டு வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

எல்லைகளை வரைதல்

இதுதான் முதுகு ஒடியும் பகுதி. 2008க்குப் பிந்தைய எல்லைக் கோப்புகள் இணையத்தில் தன்னார்வலர்கள் புண்ணியத்தில் கிடைக்கின்றன. பழையவற்றுக்கு நீங்களே வரைய வேண்டியிருக்கலாம்.

வேண்டியவை மூன்று. தொகுதி வரையறை ஆணை; அந்தக் காலத்துத் தாலுகா எல்லை வரைபடம் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியீடுகளில் இருக்கும்); க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள். ஆணையில் ஒவ்வொரு தொகுதியும் தாலுகா, பிர்கா (தாலுகாவின் உட்பிரிவு, சில ஊர்களின் தொகுப்பு), ஊர் என்ற கணக்கில் விவரிக்கப்பட்டிருக்கும்: இன்ன தாலுகாவில் இன்ன பிர்காக்கள், அதில் இன்ன ஊர்கள் நீங்கலாக, என்ற பாணியில். கிராம நிர்வாக அலுவலரிடம் பட்டா விஷயமாக அலைந்தவர்களுக்கு பிர்கா என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தொகுதி என்பது பிர்காக்களை அடுக்கிக் கட்டிய சுவர் என்று வைத்துக்கொண்டால் வேலை எளிதாகிவிடும்.

பழைய காகித வரைபடத்தை ஸ்கேன் செய்து உள்ளே ஏற்றியதும், அதை இன்றைய பூமியின் மீது உட்கார வைக்க வேண்டும். காகிதத்தில் ஒரு புள்ளி, இன்றைய வரைபடத்தில் அதே புள்ளி என்று எட்டுப் பத்து ஜோடி காட்டினால் மென்பொருள் மிச்சத்தை இழுத்துப் பொருத்திவிடும். ஆரம்பத்தில் நான் ஆற்று வளைவுகளைப் புள்ளியாக வைத்தேன். கொள்ளிடக் கரையில் இருந்த தொகுதிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு நின்றன. ஆறு தடம் மாறும்; மணல் திட்டு வரும், போகும். அதற்குப் பிறகு ரயில் சந்திப்புகளுக்கு மாறினேன். விழுப்புரம், விருத்தாசலம், மானாமதுரை, திண்டுக்கல் எல்லாம் இடம் பெயர்வதில்லை. மாநிலத்தின் நான்கு மூலையிலும் ஒவ்வொன்று, நடுவில் நாலைந்து என்று பரப்பி வையுங்கள். தனுஷ்கோடி முனையை மட்டும் நம்பாதீர்கள். 1964 புயலுக்கு முந்தைய வரைபடத்தில் இருக்கும் கரை இன்று இல்லை.

மாநில எல்லையே மாறிய காலம் வேறு. 1953 அக்டோபர் 1ல் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1ல் மலபார் கேரளத்துக்குப் போனது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டைப் பகுதி நம்மோடு சேர்ந்தன. 1960ல் திருத்தணி வந்தது. சட்டமன்றம் 205லிருந்து 206 ஆனதற்குக் காரணம் அந்த எல்லைப் பரிமாற்றம்தான்.

எண்ணையும் எல்லையையும் இணைத்தல்

அட்டவணையையும் வரைபடத்தையும் தொகுதிப் பெயரை வைத்து இணைக்காதீர்கள். எண்ணை வைத்து இணையுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஆங்கிலத்தில் எழுதிய நம் ஊர்ப் பெயர்கள் அறிக்கைக்கு அறிக்கை எழுத்து மாறும். "கிட்டத்தட்டப் பொருந்தும் பெயர்" என்று தேடும் ஒரு வசதியை நம்பி இணைத்ததில் திருச்செங்கோட்டின் முடிவு திருச்செந்தூரில் போய் உட்கார்ந்தது. அந்தத் தவறான படத்தை வைத்துக்கொண்டு தென்கோடி ஓட்டுப் போக்கைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். அதன் பிறகு இணைத்து முடித்ததும் குத்துமதிப்பாகப் பத்துத் தொகுதிகளை எடுத்து அறிக்கையோடு ஒப்பிடாமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

நிறம்

வெற்றி பெற்ற கட்சியின் நிறத்தை மட்டும் தட்டையாகப் பூசிய படம் பொய் சொல்லும். நூறு ஓட்டில் ஜெயித்த தொகுதியும் முப்பதாயிரத்தில் ஜெயித்த தொகுதியும் அதில் ஒன்றுபோல் தெரியும். வித்தியாசம் கூடக் கூட அடர்த்தி ஏறுவதாக நாலைந்து படிநிலை வையுங்கள். ஐந்து சதவீதத்துக்குக் கீழே மிக வெளிர். மாற்று வரலாற்றுக்கு நாம் மேயப் போகும் நிலம் அந்த வெளிர் தொகுதிகள்தான்.

திமுகவுக்குக் கறுப்பு சிவப்பு, அதிமுகவுக்குக் கறுப்பு வெள்ளை சிவப்பு என்று கொடி நிறத்தையே எடுத்தால் இரண்டும் குழம்பும். ஆகவே பலரும் திமுகவுக்குச் சிவப்பு, அதிமுகவுக்கு இரட்டை இலையின் பச்சை என்று பிரிக்கிறார்கள். பார்க்க இயல்பாக இருக்கிறது. ஆனால் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்களுக்கு அந்தப் படம் வெறும் பழுப்பு. பச்சையை நீலம் கலந்த பச்சையாகவும் சிவப்பை ஆரஞ்சு பக்கமாகவும் கொஞ்சம் நகர்த்தினால் எல்லோருக்கும் தெரியும். 1989க்கு இன்னொரு ஏற்பாடு தேவை. அதிமுக பிரிந்து நின்ற ஆண்டு அது; ஜெயலலிதா அணியின் சேவல் சின்னத்துக்கும் ஜானகி அணியின் இரட்டைப் புறாவுக்கும் ஒரே பச்சைக் குடும்பத்தில் இரண்டு சாயல் கொடுங்கள். ஒரே வீடு இரண்டாகப் பிரிந்தது படத்திலும் தெரிய வேண்டும்.

நிலப்பரப்பும் ஏமாற்றும். அன்று சென்னைக்குள் மட்டும் 14 தொகுதிகள். மாநிலப் படத்தில் அவை கடுகு அளவு. மலையும் காடுமாக விரிந்த ஒரே தொகுதி அவை பதினான்கையும் விழுங்கிவிடும். அதனால் தொகுதிக்கு ஒரு அறுகோணம் என்று தேன்கூடு போல 234 கட்டம் அடுக்கிய இரண்டாவது படத்தையும் வரையுங்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஒரு நாள் வேலை. ஒருமுறை அடுக்கிவிட்டால் எட்டுத் தேர்தலுக்கும் ஆகும்.

1989ஐப் படித்தல்

கற்பனைக்கு முன் கதையைச் சுருக்கமாக வைத்துக்கொள்வோம். 1987 டிசம்பர் 24ல் எம்ஜிஆர் மறைந்தார். 1988 ஜனவரி 7ல் அவர் மனைவி ஜானகி முதல்வரானார். அந்த மாதக் கடைசியிலேயே சட்டமன்ற அமளிக்குப் பின் ஆட்சி கலைக்கப்பட்டது. அதிமுக இரண்டாகப் பிரிந்ததால் இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 ஜனவரி 21ல் தேர்தல். திமுக ஒரு பக்கம். சேவலோடு ஜெயலலிதா. இரட்டைப் புறாவோடு ஜானகி. அவருக்குத் துணையாகச் சிவாஜி கணேசனின் தமிழக முன்னேற்ற முன்னணி. மூப்பனார் தலைமையில் காங்கிரஸ் தனியாக.

ஓட்டு வீதத்தில் திமுக சுமார் 33, ஜெயலலிதா அணி 21, காங்கிரஸ் 20, ஜானகி அணி 9. மூன்றில் ஒரு பங்கு ஓட்டை வைத்துக்கொண்டு திமுக தனிப்பெரும்பான்மை பெற்றது. ஜெயலலிதா போடிநாயக்கனூரில் வென்றார். அவர் அணிக்கு 27 இடம். சிவாஜி திருவையாற்றில் தோற்றார். 1984ல் நியூயார்க் மருத்துவமனையில் படுத்திருந்த எம்ஜிஆரைத் தொகுதிப் பக்கமே வராமல் ஜெயிக்க வைத்த ஆண்டிப்பட்டியில் ஜானகி தோற்றார். திமுக வென்றது.

படத்தை எடுத்து ஆண்டிப்பட்டியைப் பாருங்கள். அது திமுக நிறம். அதற்கு நேர் மேற்கில் போடி, சேவலின் நிறம். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். 1984ல் ஒரே கூட்டணிக்கு வாரிக் கொடுத்த மண். இப்படிப்பட்ட இடங்களைத்தான் முதலில் வட்டம் போட வேண்டும்: சேவலையும் புறாவையும் கூட்டினால் சூரியனைத் தாண்டும் தொகுதிகள். அட்டவணையில் ஒரே சூத்திரம், ஐந்து நிமிடம். எத்தனை வந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் சரிபார்க்கத்தான் தோன்றும். போட்டுப் பார்க்கத் தோன்றாது.

பிரியும் புள்ளியைத் தேர்ந்தெடுத்தல்

"அதிமுக பிரியாமல் இருந்திருந்தால்" என்பது இன்னும் பிரியும் புள்ளி ஆகவில்லை. அது வெறும் ஆசை. எந்தத் தேதியில், யார் எடுத்த எந்த முடிவு மாறியது என்று ஒரு வாக்கியத்தில் எழுத முடிந்தால்தான் புள்ளி. 1989க்கு என் கண்ணில் மூன்று படுகின்றன.

1988 ஜனவரியில் ஜானகி அரசு பிழைக்கிறது. அல்லது, 1988 முடிவதற்குள் இரண்டு அணிகளும் சேர்ந்து இரட்டை இலையை மீட்கின்றன. அல்லது, பிரிந்தே இருக்கிறார்கள், ஆனால் காங்கிரஸ் தனியாக நிற்காமல் ஜெயலலிதாவோடு கூட்டு வைக்கிறது.

மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். கணக்கில் மூன்றும் வேறு. முதலாவதில் தேர்தலே அந்தத் தேதியில் வராது. 1989 ஜனவரி ஓட்டை வைத்து அதைக் கணக்கிடுவது தவறு. மூன்றாவதில் கூட்ட வேண்டியது 21ஐயும் 20ஐயும். இரண்டாவதில் 21ஐயும் 9ஐயும். இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன். நடந்ததற்கு மிக அருகில் இருப்பது அது. நிஜத்தில் தேர்தலுக்குப் பின் நடந்த அந்த இணைப்பு சில வாரம் முன்னதாக நடந்திருந்தால் போதும். புள்ளி எவ்வளவு சிறியதோ அவ்வளவு நம்பகம்.

கணக்கு

மாநில அளவில் கூட்டினால் 21+9 = 30, திமுகவுக்கு 33. "அப்படியானால் ஒன்றும் மாறியிருக்காது" என்று பலர் இங்கேயே முடித்துவிடுகிறார்கள். 1967 நமக்குச் சொன்ன பாடத்தை மறந்தவர்கள் அவர்கள். மாநில வீதம் இடங்களைத் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு கட்சியும் எல்லாத் தொகுதியிலும் நிற்கவும் இல்லை. தொகுதிக்குள் இறங்க வேண்டும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைத் தொகுதி வைத்துக்கொள்வோம். திமுக 36,000. சேவல் 22,000. புறா 12,000. காங்கிரஸ் 19,000.

வெறும் கூட்டல்: 34,000. இரண்டாயிரம் குறைவு. திமுகவே வெல்கிறது.

ஆனால் வெறும் கூட்டல் எப்போதும் நடப்பதில்லை. புறாவுக்குப் போட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு ஜெயலலிதாவைப் பிடிக்கவே பிடிக்காது என்று வையுங்கள். அவர் காங்கிரஸுக்குப் போகிறார். இப்போது 32,800. இடைவெளி 3,200 ஆக விரிகிறது.

இன்னொரு திசையில் பாருங்கள். சின்னத்துக்கு ஓட்டுப் போடும் மக்கள் இருக்கிறார்கள். இலையைத் தேடி வந்து, அது சீட்டில் இல்லாமல், 1984ல் எம்ஜிஆரோடு கூட்டாக நின்ற கைச் சின்னத்தில் முத்திரை குத்திவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? அதில் 2,500 பேர் இலைக்குத் திரும்பினால், புறா ஓட்டும் முழுதாக வந்தால், 36,500. ஐந்நூறு ஓட்டில் இலை வெல்கிறது.

ஒரே தொகுதி, மூன்று விடை. ஆகவே ஒரே படம் வரைந்து "இதுதான் நடந்திருக்கும்" என்று சொல்லாதீர்கள். புறாவின் ஓட்டில் எத்தனை வீதம் வந்தது, காங்கிரஸிலிருந்து எத்தனை வீதம் திரும்பியது என்ற இரண்டு எண்ணையும் அட்டவணையின் மேலே தனிக் கட்டத்தில் வையுங்கள். 234 வரிகளின் சூத்திரமும் அந்த இரண்டு கட்டத்தைப் பார்க்கட்டும். எண்ணை மாற்றினால் மாநிலமே நிறம் மாறும். குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று படம் எடுங்கள். மூன்றிலும் நிறம் மாறாத தொகுதிகளைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேசுங்கள்.

எல்லாத் தொகுதிக்கும் ஒரே வீதத்தைப் போடுவது இன்னொரு பலவீனம். ஜானகி அணியில் செல்வாக்குள்ள உள்ளூர்த் தலைவர் நின்ற இடத்தில் அந்த ஓட்டு அவருடைய சொந்த ஓட்டு, சின்னத்தோடு நகராது. அப்படிப்பட்ட தொகுதிகளைக் கையால் திருத்தி, ஏன் திருத்தினேன் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது அந்த வரி இல்லாவிட்டால் உங்கள் கணக்கு உங்களுக்கே விளங்காது.

உண்மையோடு உரசிப் பார்த்தல்

இப்போது அந்த இரண்டு தொகுதிகள். ஜனவரியில் 232 இடங்களில்தான் வாக்குப்பதிவு நடந்தது. மருங்காபுரி, மதுரை கிழக்கு இரண்டும் தள்ளிப்போய் மார்ச் மாதம் நடந்தன. இடையில் ஜானகி ஒதுங்கிக்கொள்ள, அணிகள் இணைந்தன. இரட்டை இலை திரும்பி வந்தது. திமுக புதிதாக ஆட்சிக்கு வந்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. பொதுவாக அந்த நேரத்தில் ஆளுங்கட்சிக்குத்தான் காற்று வீசும். இரண்டு தொகுதியிலும் இரட்டை இலை வென்றது.

மாற்று வரலாறு எழுதுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? நாம் கற்பனை செய்த உலகம் இரண்டு தொகுதிகளில் மட்டும், இரண்டு மாதம் தாமதமாக, நிஜமாகவே நடந்திருக்கிறது. வெறும் கூட்டலைவிடச் சின்னத்தின் ஈர்ப்புக்குக் கூடுதல் இடம் கொடுக்கலாம் என்று அது சொல்கிறது. ஆனால் இரண்டை 232ஆல் பெருக்கிவிடக் கூடாது. இணைப்பின் உற்சாகம், இரண்டே தொகுதியில் குவிந்த தலைவர்கள் எல்லாம் அந்த முடிவுக்குள் கலந்திருக்கின்றன.

மேல் வரம்புக்கு இன்னொரு அளவுகோலும் உண்டு. அதே 1989 நவம்பரில் மக்களவைத் தேர்தல். ஒன்றான அதிமுக, காங்கிரஸ் கூட்டு. 39ல் 38 அவர்களுக்கு. நாகப்பட்டினம் மட்டும் இந்தியக் கம்யூனிஸ்டுக்கு. திமுகவுக்கு ஒன்றும் இல்லை. பத்தே மாத இடைவெளி. உங்கள் மூன்றாவது புள்ளியின் படம் இந்த முடிவைத் தாண்டி ஓடினால் எங்கோ தவறு செய்திருக்கிறீர்கள். உங்கள் இரண்டாவது புள்ளியின் படம் இதே அளவு வெற்றியைக் காட்டினாலும் தவறு செய்திருக்கிறீர்கள். அதில் காங்கிரஸ் இல்லையே.

அதற்குப் பிறகு என்ன

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலானவர்கள் கட்டவிழ்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரு தேர்தல் முடிவு மாறியதும் ஐந்தாவது பக்கத்தில் இந்தியாவின் பிரதமரே வேறொருவர். நான் கடைப்பிடிக்கும் முறை இது: நிஜத்தில் 1989க்குப் பின் வந்த நிகழ்வுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் "எதன் மேல் நிற்கிறது?" என்று குறிப்பது.

பெண்களுக்கு மூதாதையர் சொத்தில் சம உரிமை தந்த தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம், 1989. திமுக அரசின் கையெழுத்தின் மேல் நிற்கிறது. அரசு மாறினால் இது வந்திருக்குமா, எப்போது வந்திருக்கும்? நாடு முழுவதும் அது வந்தது 2005ல். இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நடந்த ஒவ்வொரு பாகப்பிரிவினையும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. என் கணிப்பில் 1989 மாற்று வரலாற்றின் மிகக் கனமான கேள்வி முதல்வர் நாற்காலியில் யார் என்பது அல்ல, இதுதான்.

காவிரி நடுவர் மன்றம், 1990 ஜூன். மத்தியில் வி.பி.சிங் அரசின் மேல் நிற்கிறது. அந்த அரசில் திமுகவின் முரசொலி மாறன் அமைச்சர். பாதி நிற்கும், பாதி ஆடும். 1991 ஜனவரியில் நடந்த ஆட்சிக் கலைப்பு: திமுக அரசு இல்லையென்றால் கலைக்க ஒன்றுமில்லை.

1991 மே 21ஐ மட்டும் விளையாட்டுப் பொருளாக்க வேண்டாம். ஈழப் போரில் இறந்தவர்களின் வீடுகளும், அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு உயிரிழந்தவர்களின் வீடுகளும் இன்னும் இருக்கின்றன. ஓட்டுக் கணக்கால் தொட முடியாத நிகழ்வு அது. என் தாளில் அந்தத் தேதியின் எதிரே கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.

முத்திரை

கற்பனைப் படம் ஒவ்வொன்றின் மேலும் "கற்பனை" என்று நடுவில், பெரிய எழுத்தில், மங்கலாகப் பதியுங்கள். ஓரத்தில் போட்டால் யாராவது வெட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். இரண்டு கை மாறியதும் அது "பழைய தேர்தல் முடிவு" ஆகிவிடும். உண்மைப் படக் கோப்பும் கற்பனைப் படக் கோப்பும் ஒரே கோப்புறையில் இருக்கவே கூடாது.

கை பழகியதும்: 1952

இதெல்லாம் கைக்கு வந்த பிறகு முதல் பொதுத் தேர்தலுக்குப் போங்கள். ஒன்றுபட்ட சென்னை மாகாணம், 375 இடம், ஆனால் தொகுதிகள் 309தான்; 66 தொகுதிகளுக்கு இரண்டிரண்டு உறுப்பினர்கள். அந்தத் தொகுதிகளைக் குறுக்காக இரண்டு முக்கோணமாக வெட்டி இரண்டு நிறம் பூச வேண்டும். காங்கிரஸுக்கு 152. கம்யூனிஸ்டுகளுக்கு 62. பெரும்பான்மை யாருக்கும் இல்லை. ஆந்திரத் தலைவர் பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஐக்கிய ஜனநாயக முன்னணி கட்டி, 166 பேர் தங்கள் பக்கம் என்று ஆளுநர் ஸ்ரீபிரகாசாவிடம் சொன்னார்கள். ஆளுநர் அழைத்ததோ தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை. அவரை மேலவைக்கு நியமித்து முதல்வராக்கினார். ஜூலையில் நம்பிக்கை வாக்கு 200க்கு 151.

ஆளுநர் பிரகாசத்தை அழைத்திருந்தால்? ராஜாஜி இல்லாவிட்டால் 1953ன் குலக்கல்வித் திட்டம் இல்லை. அந்தத் திட்டமும் அதற்கு எழுந்த எதிர்ப்பும் இல்லாவிட்டால் 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வராக வந்த வழியும் அதே வழியாக இருந்திருக்காது. இந்த மாற்று வரலாற்றுக்கு நீங்கள் ஒரு ஓட்டைக்கூட நகர்த்த வேண்டியதில்லை. 309 தொகுதிகளிலும் நிறம் அப்படியே இருக்கும். உண்மைப் படமும் கற்பனைப் படமும் ஒன்றுதான்.